மூன்று நாளாக இருபதரை அடி

எங்கள் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில், வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வரும். ‘மழையும் நீர்மட்டமும்’ என்று தலைப்பு. எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் மழை, எந்த ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று முப்பத்தோரு வரி. கண்ணாடி போட்டவர்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டும், அவ்வளவு பொடி எழுத்து. அந்தக் கட்டத்தை இருபத்திரண்டு வருடமாக ஒரே பெண்மணிதான் தயாரித்துவந்தார்.

அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆசிரியர் முதல் வாசற்காவலர் வரை எல்லாருக்கும் அவர் மழையக்கா. நான் அவருடைய மேசைக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து பிழை திருத்துகிறவன். அதனால் அந்தப் புதன்கிழமை நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை அக்கா பிற்பாடு சொன்னார்.

அக்கா முதலில் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். எல்லா மேசைக்கும் தனித்தனி இணைப்பு வந்ததும் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் மாவட்டச் செய்திப் பிரிவில் ஒரு நாற்காலியும் ஒரு போனும் கொடுத்து உட்கார வைத்தார்கள். காலை எட்டரைக்கு ஆரம்பிப்பார். பதினோரு மாவட்டங்களில் முப்பத்தோரு இடங்கள். பள்ளிக்கூடத்து மாடியில் மழைமானி வைத்திருக்கும் வாத்தியார், தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அணைக்கட்டு ஊழியர், ஏரியின் மதகுக்காரர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அளவைக் கேட்டு எழுதி முடிக்கப் பதினோரு மணியாகும். அதற்கு முன் மகள் போன் செய்தால், “மழை முடிஞ்சு பேசறேன்டி” என்று வைத்துவிடுவார். அந்த வீட்டில் ‘மழை முடிஞ்சு’ என்றால் பதினோரு மணிக்குப் பிறகு என்று அர்த்தம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை குழம்பிப்போய் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாராம். பஸ் கண்டக்டரான அக்காவின் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எண்ணை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடுகிற ஆள் இல்லை அக்கா. கடைசியில், “வேற என்ன அங்க?” என்று ஒரு கேள்வி போடுவார். அந்த ஒரு கேள்விக்குத்தான் எங்கள் மாவட்டப் பக்கமே கடன்பட்டிருந்தது. ஆற்றுப்பாலத்தின் கைப்பிடிச் சுவர் உடைந்து தொங்குவது, ஆஸ்பத்திரியில் இரண்டு மாதமாக டாக்டர் இல்லாதது, பஸ் பாதி வழியில் திரும்பிவிடுவது எல்லாம் அப்படி வந்தவைதான். செய்தியில் நிருபர் பேர் வரும். அக்காவின் பேர் வராது. அவரும் அதைக் கேட்டதில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் போன் வரும். கட்டத்தின் அடியில் எங்கள் தொலைபேசி எண் இருக்கும். கல்யாண மண்டபக்காரர், செங்கல் சூளைக்காரர், பால் சங்கத்துச் செயலாளர், பள்ளித் தலைமையாசிரியை என்று பலர் கூப்பிட்டு, “நாளைக்கு எப்படிக்கா இருக்கும்?” என்று கேட்பார்கள். “நாளைக்கு எனக்குத் தெரியாது, நேத்து தெரியும்” என்பார். அப்படிக் கூப்பிட்டவர்களின் எண்களை ஊர் வாரியாக ஒரு நீல நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று, மலையடிவாரத்து மாவட்டத்தின் பெரிய ஏரி. முழுக் கொள்ளளவு இருபத்துநாலு அடி. அதன் மதகுக்காரரிடம் அக்கா பதினாலு வருடம் தினமும் பேசியிருக்கிறார். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அவர் அக்காவைத் தங்கச்சி என்பார், அக்கா அவரை அண்ணே என்பார். அவருடைய மனைவிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது வரைக்கும் அக்காவுக்குத் தெரியும்.

அந்த வாரம் மலைப்பக்கம் விடாமல் மழை. திங்கட்கிழமை ஏரி இருபதரை அடி. செவ்வாய்க்கிழமையும் இருபதரை. புதன் காலை, ஏரிக்கு மேலே உள்ள பள்ளிக்கூடத்து வாத்தியார் எண்பத்துநாலு மில்லிமீட்டர் சொன்னார். பக்கத்துக் குளங்கள் எல்லாம் இரண்டடி, மூன்றடி ஏறியிருந்தன. அக்கா ஏரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு எழுதுவது அவர் வழக்கம், அதனால் எனக்கும் கேட்டது.

“இருபதரை அடி.”

“என்னண்ணே இது, மூணு நாளா ஏரி நகரவே மாட்டேங்குது? மேல இவ்வளவு மழை கொட்டுதே.”

“இருபதரைதான் மேடம்” என்றார்.

லைன் கட்டாகிவிட்டது. அக்கா பேனாவை நோட்டின் மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“கேட்டியாப்பா? மேடமாம்.”

“அதுக்கென்னக்கா?”

“பதினாலு வருஷத்துல அந்த மனுஷன் என்னை மேடம்னு கூப்பிட்டதில்ல. பக்கத்துல யாரோ நிக்கறாங்க.”

எழுந்து நேராக எங்கள் பக்கப் பொறுப்பாளரிடம் போனார். பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறவர். நீர்ப்பாசன அலுவலகத்துக்குத் தானே போன் செய்து கேட்டார். “நீர்மட்டம் இருபதரை. மதகு எல்லாம் திறந்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல” என்று பதில் வந்தது.

“அவங்களே சொல்றாங்களேம்மா.”

“தப்பாச் சொல்றாங்க சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

மேடம் கதையை அக்கா சொன்னார். பொறுப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இதை வெச்சுக்கிட்டு நான் செய்தி போட முடியுமா? அந்த ஊர் நிருபர் லீவுல இருக்கார். நாளைக்கு வந்ததும் போய்ப் பார்க்கச் சொல்றேன். நீங்க நிருபர் இல்லம்மா, கொஞ்சம் பொறுங்க.”

அக்கா திரும்பி வந்து, பல் வலி என்று அரை நாள் விடுப்பு எழுதி என் மேசையில் வைத்தார். கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டார். “போன் கிட்டயே இரு” என்று மட்டும் சொன்னார். பதினொன்றேகாலுக்குப் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

இரண்டு மணி நேரப் பயணம். ஏரிக்கு நாலு கிலோமீட்டர் முன்பே பஸ் நின்றுவிட்டது, சாலையில் தண்ணீர். ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்க் கரையடியில் இறக்கிவிட்டார். கரைமேல் ஏறியதும் அக்கா நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஏரி என்பது ஓர் எண்தான். எதிரே மலை வரைக்கும் சாம்பல் நிறத்தில் தண்ணீர் நெளிந்துகொண்டிருந்தது. கரையின் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே மிச்சமிருந்த கல்படிகளைக் கை விரலால் எண்ணிவிடலாம். இடது பக்கம் திரும்பினால், கரைக்குக் கீழே பள்ளத்தில் ஓட்டுக் கூரைகள், கொடியில் துணிகள், சூளையின் புகைபோக்கி, பள்ளிக்கூடத்து மாடி. கூரைகள் எல்லாம் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இருந்தன.

மதகு மேடையில் மழைக்கோட்டு போட்ட ஒல்லியான ஒருவர் நின்றிருந்தார்.

“அண்ணே.”

அந்த ஒரு வார்த்தையிலேயே ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “தங்கச்சி... நீயா வந்தே?” என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா அளவுக்கம்பத்தைப் பார்த்தார். வெள்ளைப் பெயின்டில் கறுப்பு எண்கள். இருபத்துமூன்றுக்கு மேலே கால் அடி.

“யாரு அண்ணே இருபதரைன்னு சொல்லச் சொன்னது?”

அவர் மெதுவாகச் சொன்னார். மூன்று மதகில் நடு மதகின் திருகுத்தண்டு கோடையிலேயே முறிந்துவிட்டது. கதவு ஏறாது. ஆனால் மேலே அனுப்பிய அறிக்கையில் பழுது பார்த்தாயிற்று என்று எழுதிவிட்டார்கள். இப்போது உண்மையான அளவு வெளியே போனால், நடு மதகை ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி வரும். “ரெண்டு நாள்ல புதுத் தண்டு வந்துடும், அதுவரைக்கும் இருபதரைன்னே சொல்லுங்கன்னு சின்ன இன்ஜினியர் சொன்னாரு. காலைல நீ போன் பண்ணும்போது பக்கத்துலதான் நின்னாரு. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல தங்கச்சி.”

“சரி. கரை தாங்குமா?”

அவர் அக்காவைக் கரையின் வெளிச்சரிவில் இறக்கிக் கூட்டிப்போனார். புல்லுக்கு நடுவே மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கியிருந்தார். நடுவில் குடத்தின் வாய் அகலத்துக்குத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

“முந்தாநாள்ல இருந்து கசியுது. தெளிஞ்ச தண்ணியா வந்தா கவலையில்ல. எந்தக் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். காலைல வரைக்கும் தெளிவாத்தான் இருந்துது.” குனிந்து உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார். பழுப்பாக இருந்தது. விரலிடுக்கில் மண் தங்கியது. “இப்ப கரையோட மண்ணைக் கரைச்சுக்கிட்டு வருது.”

அக்கா கைப்பையைத் திறந்தார். செல்போனில் சிக்னல் இல்லை. சரிவில் ஏறி, மேடையின் ஒரு மூலையில் நின்றால் மட்டும் இரண்டு கோடு வந்தது. நீர்ப்பாசன அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, சாப்பாட்டு நேரம். மாவட்ட அலுவலகத்தின் அவசர எண்ணில் ஒரு பெண், “புகாரைப் பதிவு பண்ணிட்டோம் மேடம், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பறோம்” என்றாள். எத்தனை நேரம் ஆகும் என்றதற்கு, அது துறையின் கையில் இருக்கிறது என்றாள். ஒன்று நாற்பதுக்கு என் மேசை போன் அடித்தது.

“என் ரெண்டாவது இழுப்பறையைத் திற. நீல நோட்டு. பெரிய ஏரின்னு மேல எழுதியிருக்கும். பதிமூணு பேர். முதல்ல ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ், அப்புறம் சூளைக்காரர், பால் சங்கம், பஸ் டிப்போ. அப்புறம் மத்தவங்க.”

“என்ன சொல்லணும்கா?”

“ஏரி உடையப்போகுதுன்னு சொல்லாத. அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இருபத்துமூணே கால் அடி இருக்கு. நடு மதகு திறக்கல. கரைல கலங்கல் தண்ணி வருது. நான் நேர்ல நின்னு பார்த்துட்டுச் சொல்றேன். இந்த நாலும் போதும், கூட்டாத, குறைக்காத.”

நோட்டை எடுத்தேன். முதல் எண்ணை அழுத்தும்போதே பொறுப்பாளர் பின்னால் வந்து நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுண்டிப்போனது.

“பத்திரிகை ஆபீஸ்ல இருந்து பேசறேன்னு சொல்லி ஊரைக் கிளப்பப் போறியா? ஒண்ணும் ஆகலைன்னா நம்ம ரெண்டு பேரையும் உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க.”

“ஏதாவது ஆச்சுன்னா சார்?”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதிர்முனையில் யாரோ ‘ஹலோ, ஹலோ’ என்றுகொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து என் காதருகே சொன்னார்: “பத்திரிகை பேரைச் சொல்லாத. மழையக்கா சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு.” சொல்லிவிட்டுப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, நோட்டின் அடுத்த பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை நான் சொன்ன நாலையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “அக்காவே அங்க நிக்கறாங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றதும் போனை வைத்துவிட்டார். பிள்ளைகளை வீட்டுக்கு விடாமல் மாடிக்கு ஏற்றி, கேட்டைத் திறந்து வைத்து, நீள மணி அடிக்க விட்டார். சூளைக்காரர் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு லாரியைக் காலி பண்ணச் சொன்னார். பால் சங்கத்துச் செயலாளர் ஒலிபெருக்கியை வண்டியில் கட்டினார். மண்டபக்காரர் மட்டும், “நாளைக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருக்கே, நடக்குமா?” என்று கேட்டார். “அண்ணா, மண்டபத்தைத் திறந்துவிடுங்க, அதுதான் மேடான இடம்” என்றேன். சாவியைத் தேடப் போனார். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒன்றை யாரும் எடுக்கவில்லை. இரண்டேகாலுக்குள் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு செய்வதற்கு எங்களுக்கு ஒன்றுமில்லை. பொறுப்பாளர் டீ வாங்கி வரச் சொன்னார். வந்த டீயை இரண்டு பேரும் குடிக்கவில்லை.

அங்கே கரைமேல் ஜீப் வந்து நின்றது. சின்ன இன்ஜினியர் இறங்கினார். இருபத்தெட்டு வயதிருக்கும். கீழே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டே வந்திருக்கிறார்.

“யாரு இவங்க? வெளியாளுங்களை யாரு மேல ஏற விட்டது?” என்று மதகுக்காரர் மேல் பாய்ந்தார்.

அக்கா முன்னால் வந்தார். “நான்தான் தம்பி தினமும் அளவு கேக்கறவ. அவரைத் திட்டாதீங்க.”

“இப்படிப் புரளி கிளப்பினா போலீஸ்ல சொல்லிடுவேன்.”

“சொல்லுங்க. அதுக்கு முன்னால கீழ வந்து ஒரு நிமிஷம் அந்தத் தண்ணியைப் பாருங்க.”

வேண்டா வெறுப்பாக இறங்கினார். மணல் மூட்டைக்குள் எட்டிப் பார்த்தார். அதற்குள் ஊற்று இன்னும் அகலமாகி, கொதிப்பதுபோல் மண்ணைக் குமிழ்விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. காலையில் அவர் பார்த்தபோது தண்ணீர் தெளிவாக இருந்திருக்கிறது.

மேலே ஓடி, அந்த இரண்டு கோடு சிக்னல் மூலையில் நின்று தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அக்கா இரண்டடி தள்ளி நின்றார். “சார், கலங்கி வருது சார்... ஆமா சார்... எழுத்துல உத்தரவு வரணுமா? எப்ப சார் வரும்?” போனை இறக்கியவர், கையில் இருப்பது என்னவென்றே தெரியாததுபோல் அதைப் பார்த்தார்.

“என்ன சொல்றாரு?” என்றார் அக்கா.

“வெயிட் பண்ணச் சொல்றாரு.”

மதகுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “சார், தண்டு வந்து மாட்டறதெல்லாம் இனிமே நடக்காது. நடுக் கதவுத் தகட்டை அறுத்துடலாம். கடைத்தெருவுல வெல்டிங் பட்டறைக்காரர் இருக்காரு. காஸ் கட்டரோட ஏத்திக்கிட்டு வந்தா ஒரு மணி நேர வேலை.”

“கவர்மென்ட் கதவை அறுக்கச் சொல்றீங்களா?”

“அறுக்கலைன்னா அதுவாவே போயிடும் சார். கரையோட சேர்ந்து.”

இன்ஜினியர் கீழே கூரைகளைப் பார்த்தார். லாரியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் ஆட்டை விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்று அடம் பிடித்ததும், யாரோ ஆட்டையும் தூக்கி உள்ளே போட்டதும் மேலேயிருந்து தெரிந்தது. “கதவை அறுத்தாலும் அந்தத் தெருவுக்குள்ளதானே தண்ணி போகும்?” என்றார்.

“போகும். கழுத்தளவு போகும். ஆனா மெதுவாப் போகும்” என்றார் மதகுக்காரர். “எல்லாரும் ஏறினதும் அறுக்கலாம்.”

இன்ஜினியர் மறுபடி போனைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “வரச் சொல்லுங்க” என்றார்.

பட்டறைக்காரரைச் சூளை லாரிதான் கொண்டுவந்தது. இடுப்பில் கயிறு கட்டி அவரை மதகுக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். கயிற்றின் ஒரு நுனியை இன்ஜினியர் பிடித்தார், இன்னொன்றை மதகுக்காரர். அக்கா குடையைக் காஸ் சிலிண்டர் மேல் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து நீல வெளிச்சமும் தீய்ந்த இரும்பு வாடையும் வந்துகொண்டிருந்தன. கீழே பள்ளி மாடியில் யாரோ வெள்ளைத் துணியை ஆட்டினார்கள். எல்லாரும் ஏறியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம் என்று தலைமையாசிரியையிடம் அக்கா போனில் பேசி வைத்திருந்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தகடு விட்டுப்போனது. பட்டறைக்காரரை மேலே இழுத்துப் போடவும் அடியில் தண்ணீர் இடித்துக்கொண்டு கிளம்பவும் சரியாக இருந்தது. மேடையே அதிர்ந்ததாம்.

அரை மணியில் பள்ளத்துத் தெருக்களில் மார்பளவு தண்ணீர். இருட்டுவதற்குள் ஏரி ஒரு சாண் இறங்கியது. ஊற்று கலங்கல் குறைந்து, மெலிந்து, பிறகு தெளிந்தது. கரை நின்றுவிட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அன்றைக்கு அக்கா பள்ளிக்கூடத்திலேயே தங்கினார். மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு தெருத்தெருவாக நடந்தார். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நாலைந்து தெரு தாண்டி, சூளைக்குப் பின்புறம் ஒரு குறுகலான சந்தில் பதினோரு வீடுகள் வரிசையாக இருந்தன. அங்கே யாரும் கையைப் பிடிக்கவில்லை. ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து தையல் மிஷினிலிருந்து சேற்றைக் குச்சியால் தோண்டிக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லாரும் அவளைத் தையல்கார அக்கா என்பார்கள்.

“நீங்கதான் போன் பண்ணினவங்களா?”

“ஆமாம்மா.”

“எல்லாத் தெருவுக்கும் லாரி வந்துது. எங்க வரிசைக்கு வரல. ஸ்பீக்கர் சத்தம் கேட்டுது, சூளை மிஷின் சத்தத்துல என்ன சொல்றாங்கன்னு புரியல. தண்ணி உள்ள வந்த பிறகுதான் தெரிஞ்சுது. எங்க மாமனார் பரண்ல ஏறும்போது விழுந்து கால் முறிஞ்சு ஆஸ்பத்திரில கிடக்காரு. மாடியில துணி காட்டினாங்களாமே, எல்லாரும் ஏறியாச்சுன்னு. நாங்க எல்லாரும் இல்லையா?”

“உங்க வரிசைல யார் நம்பரும் என்கிட்ட இல்லம்மா. யாரும் எனக்குப் போன் பண்ணினதில்ல.”

“நாங்க எதுக்குப் பண்ணணும்? மழை எத்தனைன்னு தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? தண்ணி வருதுன்னு ஒருத்தர் வந்து கதவைத் தட்டியிருந்தா போதும்.”

சொல்லிவிட்டு மறுபடி குச்சியை எடுத்துக்கொண்டாள். அக்கா திரும்பி வந்தார். இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் நடுங்கியது. கரைமேல் நடந்ததைச் சொல்லும்போது நடுங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்த அக்காவுக்கு மேசைமேல் ஒரு மெமோ காத்திருந்தது. பல் வலி என்று பொய் விடுப்பு எடுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ‘வலி இருந்தது உண்மை, பல்லில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிப் படித்த பொறுப்பாளர் சிரிக்கக் கூடாது என்று ரொம்பவும் பாடுபட்டார்.

உண்மையான சண்டை அன்று மதியம் வந்தது. புதன்கிழமை சொன்ன அளவை அச்சில் போடாமல் நிறுத்திவிட்டோம். கட்டத்தின் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார் அக்கா: ‘திங்கள், செவ்வாய் இரு நாளும் பெரிய ஏரிக்கு நாம் வெளியிட்ட அளவு தவறு.’ துறை கொடுத்த எண்ணைத்தானே போட்டோம், நாம் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர்களுக்குக் கோபம் வரும் என்றார் செய்தி ஆசிரியர்.

“அவங்க சொன்னதை எழுதினது நான். அதை நம்பித்தான் அந்தத் தெருக்காரங்க ரெண்டு நாள் தூங்கினாங்க. அந்த வரி இல்லைன்னா இன்னிக்குக் கட்டம் காலியாப் போகட்டும் சார். நான் எழுதித் தர மாட்டேன்.”

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டது அப்போதுதான். அந்த வரி வந்தது. பிழை திருத்தியது நான்தான், திருத்த ஒன்றுமில்லை.

மதகுக்காரரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். மூன்று நாள் தவறான அளவு சொன்னது ஒரு குற்றம், வெளியாளைக் கரைமேல் விட்டது இன்னொரு குற்றம். விசாரணைக்கு அக்கா இரண்டு தடவை போய்ச் சாட்சி சொன்னார். சின்ன இன்ஜினியர் பூசி மெழுகிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவரோ, பொய் அளவைச் சொல்லச் சொன்னதும் தானே, உத்தரவு வராமல் கதவை அறுத்ததும் தானே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பழுது பார்த்ததாக அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் யார் என்ற கேள்வி மட்டும் கடைசிவரை மேலே போகவில்லை. மதகுக்காரர் ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இன்ஜினியரைத் தூரத்து மாவட்டத்துக்கு மாற்றினார்கள்.

அக்கா அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பதில்லை. பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாரிடம் போன் இருக்கிறது, போன் இல்லாத வீட்டுக் கதவை யார் தட்டுவது என்று எழுதினார். இன்ஷூரன்ஸ் பிடிக்க வந்தவர் என்று நினைத்து நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சூளைக்குப் பின்புறத்து வரிசையில் முதல் இரண்டு ஞாயிறும் தையல்கார அக்கா முகம் கொடுத்தே பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு, “உங்க எழுத்து எனக்குப் புரியல, இப்படிக் கொடுங்க” என்று நோட்டைப் பிடுங்கி, பதினோரு வீட்டையும் தானே எழுதினாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்தார்கள். நானும் போயிருந்தேன். தலைமையாசிரியை மணி அடித்ததும் ஒவ்வொரு வரிசையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர வேண்டும். மற்றத் தெருக்காரர்கள் கல்யாணத்துக்கு வருவதுபோல் பேசிக்கொண்டே வந்தார்கள். சூளை வரிசை கடைசியாக வந்தது, தையல்கார அக்கா முன்னால் நின்று தலையை எண்ணினாள். ஊன்றுகோலுடன் வந்த மாமனாரோடு சேர்த்து நாற்பத்தாறு பேர்.

“எத்தனை நிமிஷம்?” என்று கேட்டாள்.

“பதினெட்டு” என்றார் மழையக்கா, கைக்கடிகாரத்தைப் பார்த்து.

“ஜாஸ்தி. எல்லாரும் திரும்ப வீட்டுக்குப் போங்க. மறுபடி மணி அடிக்கச் சொல்றேன்.”

முணுமுணுத்துக்கொண்டே நாற்பத்தாறு பேரும் திரும்பி நடந்தார்கள்.